தகடு வாங்கிய அடிகள்

ஒட்டப்பாறையில் ஒருவருக்கும் அடிபடாமல் இருந்த காலம் என்று ஒன்று உண்டு. காவிரித் தண்ணீர் குழாயில் வந்த ஒரு காலையில், பெயிண்டர் குருநாதன் தன் முகத்து வேர்வையைத் துடைப்பதற்காக ஒரு பூதத்தின் முகத்திலிருந்த துண்டை எடுத்தானே, அந்த நேரத்தில் அது தொடங்கியது.

திருச்செங்கோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் தண்ணீர் கிடையாது, தண்ணீர் தோண்டுகிற வண்டிகள் உண்டு. தன் ஊர்க் கிணறு வற்றினவன் தேசம் முழுக்கப் போய் அடுத்தவனுக்கு போர் போட்டுக் கொடுக்கிறான் என்று அந்தப் பக்கத்தில் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்வார்கள். ஒட்டப்பாறையில் அப்படி ஒரு ரிக் லாரி பாவாயக்காவுக்கு இருந்தது. புருஷன் போன பிறகு வண்டியை விற்றுவிடச் சொன்னவர்களையெல்லாம் வாசலோடு அனுப்பிவிட்டு அவளே நடத்தினாள், அர்த்தநாரி அதற்கு டிரைவர். ரிக் லாரி ரோட்டில் போவது கொஞ்சம், காட்டிலும் கரட்டிலும் போவது அதிகம் என்பதால், கல் தெறித்து எஞ்சினின் அடிவயிற்றைக் கிழித்துவிடாமல் இருக்க முன் பம்பருக்குக் கீழே கனத்த இரும்புத் தகடு ஒன்றை போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். அடித்தகடு என்று பெயர். வண்டியில் மற்ற இடங்களுக்கெல்லாம் மயிலும் தாமரையும் உண்டு. அடித்தகட்டுக்கு வருடம் ஒரு தரம் துருவைச் சுரண்டிக் கருப்பு ரப்பர் பெயிண்ட் அடிப்பதோடு சரி, அதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்.

அந்த வருடம் பாவாயக்கா திருஷ்டிப் பூதம் ஒன்று எழுதச் சொன்னாள். வண்டி முகப்பில் குலசாமி, மகள் பேர், மகன் பேர், பேரன் பேத்தி பேர், பேர் வைக்காத ஒரு பேத்திக்கு விட்டுவைத்த இடம் என்று எல்லாம் நிறைந்து கிடந்ததால் பூதத்துக்கு இடமில்லை. "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்பாங்க. கல்லடி வாங்கற தகட்டுலயே கண்ணடி வாங்கறவனையும் எழுதிப்புடு, ஒரே கூலியாப் போச்சு" என்றாள். குருநாதன் கையைவிட வாய் வேகமாக ஓடுகிறவன், ஆனாலும் வேலைக்காரன். கருப்புப் பூச்சு காய்ந்ததும் அதன்மேல் சிவப்பில் முகமும் மஞ்சளில் கோரைப்பல்லும் எழுதி, கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்தான்.

பூதத்துக்குக் கண் திறப்பதில் அந்தப் பக்கத்து பெயிண்டர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. கருவிழி வைத்த உடனே முகத்தைத் துணியால் மூடிவிட வேண்டும். பிறகு ஒரு பூசணிக்காயை எதிரே பிடித்துக்கொண்டு துணியை எடுக்க வேண்டும். முதலில் எதைப் பார்க்கிறதோ அதற்கு வருகிற கெடுதலையெல்லாம் பூதம் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் என்பது பேச்சு. பூசணிக்காயைப் பார்க்கவிட்டு அதையும் உடைத்துவிட்டால் பூதத்துக்கு வேறு பொறுப்பில்லாமல் போய் வண்டியை மட்டும் கவனித்துக்கொண்டு கிடக்கும். அன்றைக்குக் கண்ணை எழுதித் துண்டால் மூடியாயிற்று, பூசணிக்காய் வரத்தான் தாமதம். தகட்டைத் தெருவைப் பார்க்க நிமிர்த்தி வைத்து, அது சாயாமல் பின்னாலிருந்து அர்த்தநாரி தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறிவிட்டது, பேச்சு சுவாரசியத்தில் குருநாதன் கைக்கு எட்டிய அந்தத் துண்டையே எடுத்து நெற்றியையும் கழுத்தையும் நிதானமாகத் துடைத்தான். எதிரே பொதுக்குழாயில் ஒட்டப்பாறை முழுவதும் குடத்தோடு நின்றது. வாரக்கணக்கில் வராத தண்ணீர் வந்திருந்தபடியால் நோயாளிகூட வீட்டில் இல்லை. பூதம் எல்லோரையும் நன்றாகப் பார்த்தது.

பார்வையில் படாதவர்கள் இரண்டு பேர். தகட்டின் பின்னால் நின்ற அர்த்தநாரி ஒருவன். ஆடு விற்கச் சந்தைக்குப் போயிருந்த சென்னியப்பன் இன்னொருவர்.

தகட்டை வண்டியில் மாட்டிய அன்றே, ஓடு மாற்ற ஏறிய சடையன் கூரையிலிருந்து வழுக்கி வாசல்கல்லில் முதுகு அடிக்க விழுந்தான். அவன் விழுந்த சத்தம் அவன் விழுந்த இடத்தில் கேட்கவில்லை, புளியமரத்தடியில் நின்ற லாரியிலிருந்து ணங்கென்று கேட்டது. சடையன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "நல்ல ஓடு ஒண்ணு ஒடஞ்சுபோச்சுங்க" என்றான், அவ்வளவுதான். அடித்தகட்டில் தேங்காய்மூடி அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அதிசயம் நடந்தால் ஊர் கூடி வாயைப் பிளக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒட்டப்பாறையைப் பார்த்ததில்லை. கல் தடுக்கியவர்களுக்கு நகம் பெயரவில்லை, சைக்கிளிலிருந்து விழுந்த பிள்ளைகளுக்கு முட்டி சிராய்க்கவில்லை, லாரி மட்டும் டிங், டங் என்று சொல்லிக்கொண்டிருந்தது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்டவர்கள், சரி, இனி இப்படித்தான் போல என்று அதற்கேற்ப நடக்கத் தொடங்கினார்கள். பெண்கள் இருட்டில் விளக்கில்லாமல் கொல்லைக்குப் போனார்கள். கபடிக் குழு தாலுகா முழுக்க ஜெயித்தது, எதிரணிக்காரர்கள் இவனுகளை மடக்கினால் மூஞ்சியில் ஒரு சுளிப்புகூட இல்லையே என்று பயந்தே தோற்றார்கள். வலிப்பு வந்து விழுகிற தன் மகன் மாதேசுவை எந்நேரமும் சேலை முனையில் கட்டாத குறையாகக் கூடவே வைத்திருந்த சரசு, அவனைத் தனியாகக் கடைக்கு அனுப்பிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக மத்தியானம் காலை நீட்டித் தூங்கினாள். தறிக்கார ரங்கன் பெண்டாட்டிமேல் கையை நீட்டினபோது லாரி அதை ஊருக்கே கேட்கும்படி சொல்லிவிட்டது. பாவாயக்கா எழுந்து போய் அவன் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் இருட்டும் வரை அவனையே பார்த்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுச் சத்தம் தகட்டில் கேட்கவில்லை.

சென்னியப்பன் மட்டும் வழக்கம்போல இடித்துக்கொண்டார், வழுக்கினார், வீங்கினார். "ஒரு ஆட்டுக்காக ஒடம்பையே வித்துப்போட்டு வந்தவன் நானு" என்று ஒவ்வொரு வீக்கத்துக்கும் சொல்லிச் சொல்லி, மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுகிற பக்குவத்தை ஊரில் அவர் ஒருவரே மறக்காமல் வைத்திருந்தார்.

செய்தி பரவி மற்ற ரிக் ஓனர்கள் தகட்டைக் கழற்றிக்கொண்டு குருநாதனிடம் வந்தார்கள். அதே பெயிண்ட், அதே துண்டு, அதே வேர்வை. வேர்க்காத நாளில் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுகூடத் துடைத்துப் பார்த்தான். அந்தப் பூதங்கள் எல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தன. தவறுதலாக நடந்ததை வேண்டுமென்று நடத்த முடியுமா என்று அவன் கைவிட்டுவிட்டான்.

லாரி வேலைக்குக் கிளம்பினபோது ஊருக்குக் கொஞ்சம் கலக்கம் இருந்தது. அது கிருஷ்ணகிரியைத் தாண்டியதும் பாவாயக்காவே துணிந்து காலை அம்மிக்கல்லில் உதைத்துப் பார்த்து, வலிக்கவில்லை என்று அறிவித்தாள். அங்கே ஓசூர் ரோட்டில் அர்த்தநாரிக்கு ணங்கென்று கேட்டது.

இப்படித்தான் அர்த்தநாரிக்கு, மத்தியப்பிரதேசத்துச் சோளக்காட்டில் கிடந்தாலும், ஒட்டப்பாறை காதில் விழுந்தது. ரிக் ஆட்கள் பைப் மாற்ற மெஷினை நிறுத்தும்போதெல்லாம் பம்பருக்கு முன்னால் துண்டைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். முதலில் எல்லாம் ஒரே இரும்புச் சத்தமாகத்தான் இருந்தது. போகப்போக ஆளுக்கொரு சத்தம் என்று பிடிபட்டது: வரிசையாகச் சின்னச் சின்னதாக வந்தால் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது, கனமாக ஒன்று விழுந்து நீண்ட நேரம் அதிர்ந்தால் மாதேசு, மொண்ணையாக ஒன்று என்றால் அரிசி மூட்டை தூக்குகிற செட்டியார் கடைக்காரர் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார். விழுந்தவர்களுக்கே அடிபட்டது தெரியாமல் போவதால், தாய்மார்கள் அவனுக்கு போன் போட்டு, "அர்த்தநாரி, இன்னைக்கு என்ற பையன் எங்கீயாச்சும் உழுந்தானா சாமி?" என்று கேட்பார்கள். அவனும் பார்த்தவன் மாதிரி பதில் சொல்வான். டிரைவர் வேலையில் மனசுக்கு இருக்கிற பெரிய பாரம் வீடு என்ன ஆயிற்றோ என்பது; அவனுக்கு அது இல்லை. இவ்வளவு நிம்மதியாக அவன் வெளியூரில் சோறு தின்றதே கிடையாது.

பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போன கொஞ்ச நாளில் அவன் பெண்டாட்டி கோகிலா முழுகாமல் இருக்கிறாள் என்று செய்தி வந்தது. முன்னால் ஒரு தரம் தங்காமல் போன வயிறு. அதனால் அவன் லட்டு வாங்கிக் கொடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. தகட்டைத் துடைக்கும்போது மட்டும் பூதத்தின் முகத்தைக் கூடுதலாக ஒரு தரம் துடைத்தான்.

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம், கோதுமை அறுத்த வெறுங்காட்டில், தகட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பருப்புஞ்சோறு தின்றுகொண்டிருந்தவன் முதுகில் ஏதோ பட்டது. இதுவரை கேட்காத சத்தம், சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது, இரும்புக்கு உள்ளேயிருந்து ஒரு விரல் சுண்டின மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தான். எல்லா அடியும் தகட்டை உள்ளே அமுக்கும். இது மிளகளவுக்கு வெளியே புடைத்திருந்தது. ஊரில் யாராவது கோழிக்குஞ்சு வளர்க்கிறார்களோ, அதை மடியில் வைத்துக்கொண்டு கொத்து வாங்குகிறார்களோ என்று நினைத்தான். மறுநாளும் வந்தது. வண்டி ஓடும்போது வராது, நின்று சோற்றில் கை வைத்தால் வரும். அவனுக்கு அது பிடித்துவிட்டது. சோறு வாங்கினதும் தகட்டில் முதுகைக் கொடுத்து, "வந்துட்டயா, இன்னைக்கு ரசம்" என்று பேசத் தொடங்கினான். சமையல்காரன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

அதே நாட்களில் கோகிலா போனில் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் நல்லா இருக்கறனுங்க என்பாள். சேலையைத் தளர்த்திக் கட்டுகிற அளவுக்கு வயிறு வந்துவிட்டது, பார்க்கிறவர்களெல்லாம் உதைக்குதா உதைக்குதா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவள் வயிறு மட்டும் நீர் மொண்டு வைத்த பானையாகச் சும்மா இருந்தது. ஒரு நாள் தாங்க முடியாமல் போனில் அழுதுவிட்டாள்.

"மாமா, புள்ளை அசையறதே இல்லீங்க."

தகட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தான். "ஆசுபத்திரிக்குப் போனயா?"

"போனனுங்க. ஸ்கேன்ல நல்லாத்தான் ஆடுது. காலைத் தூக்கி உதைக்கறதைக் காட்டுனாங்க, நான் என்ற கண்ணாலயே பாத்தேன். இங்க ஒண்ணுமே தெரியல. அடுத்த ஊட்டுப் புள்ளைய டிவியில பாக்கறாப்பல இருக்குது. இது என்ற புள்ளைதானான்னு இருக்குதுங்க மாமா."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தபோது முதுகில் சுண்டியது. அதே நேரத்தில் போனில் கோகிலா, "இப்பக்கூடப் பாருங்க, வயித்து மேல சேலை ஏறி எறங்குது, எனக்கு ஒண்ணும் தெரியல" என்றாள். மறுபடி சுண்டியது. போன வைகாசியில் ஒரு கல்யாண வீட்டில் தாய்மாமன் மாப்பிள்ளையின் முதுகில் ஆசையாகத் தட்டினது மாப்பிள்ளைக்குத் தெரியாமல் போய், தகட்டில் டிங்கென்று கேட்டது அவனுக்கு ஞாபகம் வந்தது. இரும்புக்கு அடி எது ஆசை எது என்று தெரியாது, தெருவில் நின்றவர்கள்மேல் எது வந்து மோதினாலும் அது வாங்கி வைத்துக்கொள்ளும். அர்த்தநாரி எழுந்து திரும்பி, தகட்டுக்கு முன்னால் மண்டி போட்டான்.

"கோகிலா. அழுவாத. புள்ளை இங்க இருக்குது."

"என்னங்க சொல்றீங்க?"

"இங்கதான் உதைச்சுக்கிட்டுக் கெடக்குது. நான்தான் கோழிக்குஞ்சுன்னு நெனச்சுப்போட்டேன்." போனைத் தகட்டோடு சேர்த்து வைத்தான். வெகுதூரம் தாண்டி, ஒட்டப்பாறையில், தன் பிள்ளை உதைக்கிற சத்தத்தைக் கோகிலா காதால் கேட்டாள். சிரித்தாள். பிறகு முன்னைவிட அதிகமாக அழுதாள்.

பாவாயக்கா வண்டியை ஊருக்குத் திருப்பச் சொன்னாள். அந்தத் தடவை அர்த்தநாரி பள்ளத்தையும் மேட்டையும் பார்த்துப் பார்த்து ஓட்டினான், தகட்டில் ஒரு சல்லிக்கல் தெறித்தால்கூட ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தான். வழியில் டீக்கடைகளில் நிறுத்தும்போதெல்லாம் தகட்டில் கையை வைத்துக்கொண்டுதான் டீ குடித்தான். வந்து சேர்ந்தவனைப் பார்த்து, "பேருக்கேத்த ஆளய்யா நீ. பாதிப் பொம்பளையாவே ஆயிட்டே" என்று குருநாதன் கேலி செய்தான். அர்த்தநாரிக்குக் கோபம் வரவில்லை, உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

குழாயடியில் ஊர் கூடியது. கண்ணை அழித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும், ஒருத்தியை மட்டும் தனியாக எடுக்க வழியில்லை, ஒரே பார்வையில் மொத்தமாகப் பார்த்தது என்று குருநாதன் சொன்னான். கபடிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். கொஞ்ச மாசம் பொறுத்தால் பிள்ளை பிறந்துவிடப் போகிறது, அதற்காக ஊரே அடிபட வேண்டுமா என்று செட்டியார் கடைக்காரர் மெதுவாகக் கேட்டார், கேட்டது ஞாயமாகவும் இருந்தது. "நோவு தெரியாம எப்பிடிய்யா பெத்தெடுப்பா? இடுப்பு வலி மத்தியப்பிரதேசத்துல வந்தா இங்க எவளுக்குத் தெரியும்?" என்று பாவாயக்கா கேட்டாள்.

கோகிலா எழுந்து நின்றாள். "எனக்காக வேண்டாமுங்க. சத்தம் கேட்டதே போதும். நான் சமாளிச்சுக்கறேன்" என்றாள். சொல்லும்போது அவள் கண் சரசுவின் பக்கம் போனது. ஊரே அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. மாதேசு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தான்.

சரசு அவன் மடியில் உதிர்ந்த முறுக்குத் தூளைத் தட்டிவிட்டாள். பிறகு, "இவன் வயித்துல இருக்கறப்போ என்னைத் தூங்கவே உட்டதில்ல. அந்த உதைய நெனச்சுக்கிட்டுத்தான் இத்தனை வருசம் இவனைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவ எதை நெனச்சுக்கிட்டு நிப்பா?" என்றாள். "சொரண்டுங்க. என்ற மவனை நான் பாத்துக்கறேன்."

"நீயொருத்தி எதுக்குப் பாக்கோணும், நாங்க என்ன செத்தா போய்ட்டோம்?" என்று ரங்கனின் பெண்டாட்டி அதட்டலாகச் சொன்னாள். அன்று பொழுது சாய்வதற்குள் கபடிக்காரர்கள் மாதேசு நடக்கிற வழியெல்லாம் கம்பத்துக்கும் திண்டுக்கும் மூலைக்கும் பழைய டயரைக் கிழித்துக் கட்டினார்கள், முறை போட்டு அவன்கூட நடப்பதென்று பேசிக்கொண்டார்கள். செட்டியார் கடைக்காரர் சாக்குகளைச் சும்மா கொடுத்தார்.

மறுநாள் காலை சூடம் காட்டி, மன்னிக்கச் சொல்லிக் கும்பிட்டுவிட்டு, குருநாதன் பெயிண்ட் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்துக்கொண்டு தகட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். அர்த்தநாரி பக்கத்தில் குந்தி, புடைத்திருந்த அந்த மிளகு மேட்டில் உள்ளங்கையை வைத்தான். எத்தனையோ காட்டில் தனியாகச் சோறு தின்ற நேரத்தில் கூட இருந்தது இது. பெற்றவளுக்கும் முன்னால் இவன்தான் பழகியிருந்தான். இனி வண்டி வண்டியாக இருக்கும், காடு காடாக இருக்கும். கொடுக்க மனம் வரவில்லை. அது உண்மை. கைக்குள் ஒரு உதை வந்தது.

"நிறுத்தட்டுமா?" என்றான் குருநாதன், அவன் முகத்தைப் பார்த்து.

"இல்லீங்க. தொடைச்சுருங்க."

ஒரு கண் போனது. இன்னொரு கண்ணும் போனது. உடனே தெருவில் யாரோ கல்லில் காலை இடித்துக்கொண்டு ஆவென்றார்கள், குடத்தை இடுப்புக்கு ஏற்றிய ஒருத்தி ஐயோ என்றாள், சடையனுக்கு அத்தனை நாள் விழுந்ததற்கும் சேர்த்து முதுகு பிடித்துக்கொண்டது. ஒருவருக்கொருவர் காயத்தைக் காட்டிப் பேசிச் சிரித்தார்கள். சென்னியப்பன் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த கிண்ணத்தோடு தெருத் தெருவாகப் போனார், அவர் இவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

கோகிலா புளியமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. அர்த்தநாரி தகட்டில் கை வைத்துப் பார்த்தான், வெயிலில் காய்ந்த இரும்பு, அவ்வளவுதான். அவனுக்குப் பயம் வந்தது. அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் நடுவழியில் எங்கே போயிற்று என்று நினைத்தவன் எழுந்து அவளிடம் போனான்.

"சாப்ட்டயா?" என்றான்.

"எங்கீங்க. காலையில இருந்து பச்சத்தண்ணி எறங்கல."

"அதான. சோத்துல கை வெச்சாத்தான் அது எந்திரிக்கும்."

பாவாயக்கா வீட்டிலிருந்து ஒரு தட்டு ரசஞ்சோறு வந்தது. கோகிலா பிசைந்து ஒரு வாய் வைத்தாள், இரண்டாவது வாய்க்குக் கையை உயர்த்தினவள் அப்படியே நின்றாள். கையிலிருந்த சோறு மடியில் விழுந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து ஊரே நாற்காலியைச் சுற்றி நெருங்கியது.

"அம்மாடி" என்றாள் மெதுவாக. "வலிக்குதுங்க மாமா."

அவனுடைய கையைப் பிடித்து இழுத்து வயிற்றில் வைத்தாள். அடுத்த உதை அவன் உள்ளங்கையின் நடுவில் வந்தது. முன்பின் தெரியாதவர்களைத் தொடுகிற மாதிரி இல்லை. அவனுக்கு அந்தப் பிஞ்சுக் காலை நன்றாகத் தெரியும்.

"இதேதான்" என்றான் அர்த்தநாரி. "ரசமுன்னா ஒதைக்கும், மோருன்னா பேசாம இருக்கும். வண்டி ஓடுனாத் தூங்கிரும், நின்னா எந்திரிச்சுக்கும். கோவம் வந்தா இடது பக்கம் வரும்."

தன் பிள்ளையைப் பற்றி அவன் சொல்லச் சொல்ல, கோகிலா ஒன்றையும் விட்டுவிடாமல் கேட்டுக்கொண்டாள்.